கோடைக்கு நாய்க்கு மொட்டை அடிக்கலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் ஆறு வயது ஆண் கோல்டன் ரெட்ரீவர் இருக்கிறான். எடை 41 கிலோ. நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவதால், பகலில் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு அங்கே கட்டிவைக்கிறோம். வீட்டில் மாமியார் மட்டும் இருப்பார். பங்குனி பிறந்ததிலிருந்து நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே இருக்கிறான். காதுக்குள் உண்ணியும் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மெஷினால் மொட்டை அடித்திருக்கிறார்கள். “பிள்ளைகளுக்குக் கோடையில் மொட்டை போடுவதில்லையா? இதற்கும் போட்டுவிடு” என்கிறார் மாமியார். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் அடித்துவிடலாமா டாக்டர்?

மருத்துவர் பதில்: வேண்டாம். மொட்டை அடிக்காதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் முடியைவிட அந்தத் தகரக் கொட்டகைதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. இதைப் படித்து முடித்தவுடன் அவனைக் கீழே வீட்டுக்குள் அழைத்து வந்துவிடுங்கள். நாளை வரை தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் மாமியார் சொன்னது பிள்ளைகளின் தலைக்குச் சரி. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. வியர்வையில் காற்றுப் பட்டுக் காயும்போது தோல் குளிர்கிறது. முடி குறைந்தால் காற்று நன்றாகப் படுகிறது. நாய்க்கு அப்படி வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் உள்ள மெத்தைகளில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி வாயைத் திறந்து வேகவேகமாக இரைத்து, நாக்கிலும் வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. முதுகை மழித்துவிட்டால் அங்கே காய்வதற்கு வியர்வை இருக்காது. வெறும் தோல்தான் வெயிலில் கிடக்கும்.

கோல்டன் ரெட்ரீவருக்கு இரண்டு அடுக்கு முடி. ஸ்காட்லாந்தில், வேட்டையில் விழுந்த பறவைகளைத் தண்ணீரில் இறங்கி எடுத்துவருவதற்காக உருவாக்கப்பட்ட இனம் அது. வெளியே நீளமான மேல்முடி, உள்ளே பஞ்சு போன்ற அடிமுடி. மேல்முடி நீரையும் வெயிலையும் தோலில் படவிடாமல் தடுக்கிறது. அடிமுடி தளர்வாக இருந்தால் அதற்குள் நிற்கும் காற்று, சூடு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. மாடியில் தென்னங்கீற்று வேய்ந்தால் கீழே அறை தணிந்திருப்பதை நம் ஊரில் எல்லோரும் அறிவார்கள். புழுங்குகிறது என்று யாரும் கீற்றைப் பிரித்து எறிவதில்லை.

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த ஊரில் முடியைக் குறைத்தால் உடம்பின் சூடு கொஞ்சம் வெளியே போகலாம். வேலூரில் மே மாதப் பிற்பகலில் நிழலிலேயே 41, 42 டிகிரி செல்சியஸ் வந்துவிடுகிறது. அப்போது காற்றே நாயின் உடம்பைவிடச் சூடாக இருக்கிறது. சூடு வெளியிலிருந்து உள்ளே ஏறும் அந்த நேரத்தில், தடுப்பாக இருக்கும் முடியை எடுத்துவிடுவது நாய்க்குச் செய்யும் தீங்கு.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு ஜெர்மன் ஷெப்பர்டை என்னிடம் கொண்டுவந்தார்கள். சித்திரையில் மழித்திருந்தார்கள். முதுகுத் தோல் சிவந்து, வெந்து, உரிந்திருந்தது. புண் ஆற மூன்று வாரம் ஆனது. முடி ஒன்றரை ஆண்டாகியும் சரியாக வரவில்லை. அடிமுடி மட்டும் திட்டுத்திட்டாக வந்து, மேல்முடி வரவே இல்லை. எல்லா நாய்க்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன்; பலவற்றுக்கு ஆறேழு மாதத்தில் வளர்ந்துவிடும். எதற்கு வளரும், எதற்கு வளராது என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். தைராய்டு சுரப்பு குறைந்த நாய்களுக்கு முடி திரும்புவது இன்னும் கடினம். கோல்டன் ரெட்ரீவரில் அந்தக் குறை அடிக்கடி காணப்படுவதுதான்.

அப்படியானால் முடிக்கு ஒன்றும் செய்ய வேண்டாமா? செய்ய வேண்டும். உதிர்ந்த அடிமுடி வெளியே வராமல் சிக்கிக்கொண்டால், காற்று புகாமல் கம்பளிபோல ஒட்டிக்கொள்ளும். இவனுக்கும் அப்படி ஆகியிருக்கலாம். அடிமுடியை எடுப்பதற்கென்றே அகன்ற பற்கள் உள்ள சீப்பு கிடைக்கும். வாரத்துக்கு மூன்று நாள், தோல் தெரியும்படி முடியைப் பிரித்துப் பிரித்துச் சீவுங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், தொடையின் பின்பக்கம், வால் அடி ஆகிய இடங்களில்தான் சிக்கு விழும். முதல் நாள் ஒரு பை நிறைய முடி வரும், பயப்படாதீர்கள். வயிற்றின் அடிப்பக்கத்தையும் பாத மெத்தைகளின் நடுவில் வளர்ந்ததையும் ஒட்ட வெட்டலாம். குளிர்ந்த தரையில் படுக்கும்போது வயிறு நேராகத் தரையில் பட்டால் அவனுக்குச் சுகம். குளிப்பாட்டினால் அடிமுடி வரை உலர்த்த வேண்டும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் ஒரே இரவில் தோலில் நீர் கசியும் புண் வந்துவிடும்.

சடை விழுந்து தோலை இழுத்துப் பிடித்திருந்தாலோ, புண்ணுக்கு மருந்து போட வேண்டியிருந்தாலோ நாங்களே மழிப்போம். அது வைத்தியம். லாசா ஆப்சோ, ஷீ ட்சு போன்றவற்றுக்கு முடி வளர்ந்துகொண்டே போகும். ஓர் அங்குலம் விட்டு வெட்டிக்கொள்ளலாம். பொமரேனியனுக்கு உங்கள் நாய்க்குச் சொன்னதேதான்.

அடுத்தது எடை. ஆண் கோல்டன் ரெட்ரீவர் பொதுவாக 29 முதல் 34 கிலோ இருக்கும். இவன் 41. உடல்கட்டு பெரியது என்றே வைத்துக்கொண்டாலும் நான்கைந்து கிலோ கொழுப்பு கூடுதல். தோலுக்கு அடியில் இருக்கும் அந்தக் கொழுப்பு உடம்பின் சூட்டை வெளியே விடாது. நெஞ்சைச் சுற்றிச் சேர்ந்தால் இரைப்பதற்கே இடைஞ்சல். அவன் ஓயாமல் இரைப்பதற்குக் கொட்டகைக்கு அடுத்த காரணம் இதுதான் என்பது என் எண்ணம். இருதயத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சோற்றின் அளவைக் குறைத்து, பிஸ்கட்டை அடியோடு நிறுத்தி, வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்காதபடி மெதுவாகக் குறைக்கலாம். இந்தக் கோடைக்குள் முடியாது. ஆடி வாக்கில் வித்தியாசம் தெரியும்.

உண்ணிக்காக மழிப்பதும் பயன் தராது. அது காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். எடைக்கு ஏற்ற உண்ணி மருந்து கொடுக்க வேண்டும். உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா காய்ச்சல் நம் பகுதியில் சாதாரணம். சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

இனி இடம். தரைத்தளத்தில், மொசைக் அல்லது சிமெண்ட் தரையுள்ள அறையை அவனுக்குக் கொடுங்கள். மின்விசிறி ஓடட்டும். ஏர் கூலர் வைத்தால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். மூடிய அறையில் ஈரப்பதம் கூடினால் நாய் இரைத்தும் பயனில்லை. தண்ணீர் இரண்டு மண்சட்டிகளில் இருக்கட்டும், ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் மற்றது உதவும். ஈரச் சாக்கை விரித்தால் அதன்மேல் படுத்துக்கொள்வான். நடக்கக் கூட்டிப்போவது காலை ஆறரைக்குள் முடிந்துவிட வேண்டும். மாலையில் சூரியன் மறைந்ததை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். சுற்றிலும் உள்ள பாறை மலைகளும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடுவதில்லை. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் மட்டுமே அவன் பாதம் பொறுக்கும்.

பகலில் வீட்டில் இருப்பவர் உங்கள் மாமியார் என்பதால், மீதியை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அம்மா, நாய் இரைப்பதை நிறுத்தாமல் எச்சில் கெட்டியாக நூல்போல வடிந்தால், ஈறு செங்கல் நிறமாகச் சிவந்தால், தள்ளாடினால், வாந்தி எடுத்தால், அது வெயில் அடி. மருத்துவரிடம் ஓடும் முன்பே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலில் கிடத்தி, குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, கழுத்து, பாதம் நனைய ஊற்றிக்கொண்டே இருங்கள். விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஈரத்துணியை மேலே போர்த்த வேண்டாம், சூடு உள்ளேயே தங்கிவிடும். நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நமக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இந்தச் சூட்டுக்கு அது கேட்காது, நாய்க்குக் கெடுதலும் கூட. பிறகு மகனையோ மருமகளையோ போனில் அழைத்து, ஆட்டோவில் நனைந்த உடம்போடு அப்படியே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுந்து நின்று வாலை ஆட்டினாலும் கொண்டுவர வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டிருந்தால் அது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும்.