அலர்ட் நாற்பது வந்தால் எதைத் திறப்பது?

கேள்வி: பனியன் ஏற்றுமதி செய்கிறோம். மெயில், ஃபைல் எல்லாம் மைக்ரோசாஃப்ட் 365-ல் இருக்கிறது. சந்தேகப்படும்படி எது நடந்தாலும் தெரியட்டும் என்று எல்லா அலர்ட்டையும் போட்டுவிட்டோம். தினமும் முப்பது, நாற்பது வருகிறது. இப்போது யாரும் திறப்பதே இல்லை. எதை வைத்துக்கொள்வது?
– கணக்குப் பிரிவு மேலாளர், திருப்பூர்

பதில்: அவிநாசி ரோட்டில் உட்கார்ந்து போனில் மெயில் பார்ப்பவரை மும்பையில் இருப்பதாகக் காட்டும் அலர்ட்தான் பாதி இருக்கும். மொபைல் நெட்வொர்க்கின் ஐபி முகவரி அப்படித்தான் காட்டும், பதற வேண்டாம். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் டெக் பேக்கை (ஆடையின் அளவு, துணி, டிசைன் விவரக் கோப்பு) மொத்தமாக டவுன்லோடு செய்வதும் அவர் வேலைதான். அவரே நோட்டீஸ் கொடுத்துவிட்டால் கதை வேறு. அந்தத் தேதி உங்களுக்குத்தான் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. யார் எப்போது எதைத் திறந்தார், எடுத்தார் என்ற பதிவான ஆடிட் லாக் 180 நாள் வரை கிடைக்கும். அவர் பெயரைப் போட்டு நீங்களே தேடுங்கள்.

விடவே கூடாதது, ஃபார்வர்டிங் ரூல் அலர்ட். ஏற்றுமதிக்காரரின் பாஸ்வேர்டு கையில் கிடைத்தவன் உடனே எதையும் அழிக்க மாட்டான். 'இன்வாய்ஸ்', 'பேமெண்ட்' என்று வரும் மெயிலெல்லாம் தனக்கும் வரும்படி சத்தமில்லாமல் ஒரு ரூல் போட்டுவிட்டுக் காத்திருப்பான். ஷிப்மெண்ட் போனதும் உங்கள் மெயிலிலிருந்தே பையருக்கு, "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று ஒரு வரி போகும். பையரின் பதில் உங்கள் கண்ணில் படாதபடி, யாரும் எட்டிப்பார்க்காத 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' ஃபோல்டருக்குள் தள்ள இன்னொரு ரூலும் இருக்கும்.

கொடுமை என்னவென்றால், இந்த அலர்ட்டுக்கு மைக்ரோசாஃப்ட் போட்டிருக்கும் தரம் வெறும் 'இன்ஃபர்மேஷனல்', அதாவது சும்மா தகவலுக்கு. 'ஹை' மட்டும் பார்ப்போம் என்று வடிகட்டினால் முதலில் காணாமல் போவது இதுதான். அதோடு, ஃபோல்டருக்குத் தள்ளும் ரூலை இந்த அலர்ட் பிடிக்காது. அதனால் பணம் கேட்டு மெயில் அனுப்புகிறவர்களின் அவுட்லுக் ரூல்களை மாதம் ஒரு தடவை நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள். யாருக்காவது அட்மின் உரிமை கூடினால் வரும் அலர்ட்டும் இருக்கட்டும்.

அப்புறம், அலர்ட் யாருக்குப் போகிறது? வழக்கமாக அட்மின் அக்கவுண்டுக்கு. சிறிய கம்பெனிகளில் அது வெண்டர் உருவாக்கிய, லைசென்ஸ் இல்லாத அக்கவுண்டாக இருக்கும். அதற்கு மெயில்பாக்ஸே கிடையாது! உங்கள் முகவரியையும் இன்னொருவர் முகவரியையும் சேர்த்துவிடுங்கள்.

சந்தேகமான ரூல் கண்ணில் பட்டால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. ரூலை நீக்கி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் அந்த அக்கவுண்டை வெளியேற்றுங்கள். பையருக்கு மெயில் வேண்டாம், போன் போடுங்கள். உங்கள் பணம் ஏதாவது கைமாறியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.