வெளிநாட்டுல மளிகை செலவு, சமையல் செலவு: கேட்டவங்களுக்கு என் பதில்கள்

ஊரை விட்டு வந்து 17 வருஷம் ஆச்சு, இதுக்குள்ள 3 நாடு மாறியாச்சு. அதுல 6 வருஷம் ஒரு மாணவர் விடுதி கிச்சனுக்கு சாமான் வாங்குற வேலையே பார்த்தேன். அந்த அனுபவத்துல தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி: வந்து 3 வாரம் ஆகுது. எதை எடுத்தாலும் நம்ம பணத்துக்கு மாத்திப் பார்த்துட்டு திரும்ப வெச்சுட்டு வந்துடறேன். இது எப்போ சரியாகும்?

தம்பி, எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிச்சோம். ஆனா அந்தக் கணக்கு உனக்கு உதவாது, ஏன்னா நீ சம்பாதிக்கப் போறதும் வாடகை குடுக்கப் போறதும் இந்த ஊர் காசுலதான். மாத்திப் பார்க்கிறதுக்கு பதிலா, இங்க ஒரு மணி நேரம் வேலை பார்த்தா வர்ற காசுல இது எத்தனை வரும்னு பாரு. அப்படி பார்க்க ஆரம்பிச்சா அரிசி, முட்டை, பருப்பு எல்லாம் நீ பயந்த அளவுக்கு இல்லைன்னும், வெளிய ஒரு வேளை சாப்பிடறதுதான் உண்மையிலயே பெரிய செலவுன்னும் ஒரே வாரத்துல புரிஞ்சிடும். முதல் மாசம் பட்ஜெட் எல்லாம் போட வேண்டாம், பில்லை மட்டும் தூக்கிப் போடாம ஒரு கவர்ல சேர்த்து வை. ரெண்டாவது மாசம் அதைப் பிரிச்சுப் பார்த்துட்டு திட்டம் போடு.

கேள்வி: நான் தனி ஆள். காய் வாங்கினா பாதி அழுகிப் போகுது. கம்மியா வாங்கினா விலை ஜாஸ்தி. என்ன பண்றது?

எனக்கு ரொம்ப மனசு வலிக்கிற விஷயம் இதுதான். ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட 2024 அறிக்கைப்படி 2022ல மட்டும் உலகத்துல வீணான சாப்பாடு 105 கோடி டன், அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்து போனது. அதுல நம்ம ஃப்ரிட்ஜோட கீழ் டிராயரும் சேர்த்திதான். நான் என்ன செய்வேன்னா, வாங்கிட்டு வந்த அன்னிக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கி, கீரை மாதிரி சீக்கிரம் வாடுறதை முதல் 2 நாள் சமையலுக்கு வெச்சுப்பேன், கேரட் முட்டைக்கோஸ் மாதிரி தாங்குறதை வாரக் கடைசிக்கு தள்ளிடுவேன், மிச்சத்தை நறுக்கி கொதிக்கிற தண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து ஆற வெச்சு ஃப்ரீசர்ல போட்டுடுவேன். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில போடாதீங்க, உருளை சீக்கிரம் முளை விடலாம்னு சொல்வாங்க. கடையில கிடைக்கிற ஃப்ரோசன் காயை மட்டமா நினைக்கிறவங்க நிறைய பேர், அது தப்பு. பறிச்ச கொஞ்ச நேரத்துல உறைய வைக்கிறதால சத்து நல்லாவே இருக்கும், தேவையான ஒரு கை மட்டும் எடுத்துக்கலாம், ஒண்ணும் வீணாகாது. தனி ஆளுக்கு அதை விட லாபமானது வேற இல்ல.

கேள்வி: பெரிய பாக்கெட் வாங்கினா எப்பவும் லாபம்தானே?

எப்பவும் கிடையாது. விலை லேபிள்ல சின்ன எழுத்துல ஒரு கிலோவுக்கு எவ்வளவுன்னு போட்டிருந்தா அதைப் பாருங்க, இல்லைன்னா போன்ல வகுத்துப் பாருங்க, ஆஃபர் போட்ட பெரிய பாக்கெட்டே சில நேரம் சின்னதை விட விலை கூட இருக்கும். கெட்டுப் போகாத சாமானுக்கு மட்டும் பெருசு வாங்குங்க.

கேள்வி: டின் பயறா, காஞ்ச பயறா?

400 கிராம் டின்னை வடிகட்டினா உள்ள இருக்கிற பயறு சுமார் 240 கிராம்தான். 100 கிராம் காஞ்ச பயறை ஊற வெச்சு வேக வெச்சாலே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துடும். அப்போ ஒரு கிலோ காஞ்ச பயறு 10 டின்னுக்கு சமம், உங்க கடை விலையை இதோட வெச்சுப் பாருங்க. பிரஷர் குக்கர்ல வேக வெச்சா கேஸோ கரண்டோ ரொம்ப குறையும், ஏன்னா உள்ள சூடு 120 டிகிரி வரைக்கும் போகும். மொத்தமா வேக வெச்சு டப்பா டப்பாவா ஃப்ரீசர்ல போட்டுக்குங்க. ஆனா ராஜ்மா விஷயத்துல கவனம், நல்லா ஊற வெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புது தண்ணியில குறைஞ்சது 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும், மெதுவா சூடாகுற ஸ்லோ குக்கர்ல பச்சையா போட்டா வாந்தி வயித்துப்போக்கு வரும்.

கேள்வி: ஞாயிறு சோறு வடிச்சு வெச்சா வாரம் பூரா சாப்பிடலாமா?

ஃப்ரிட்ஜ்ல வெச்சு வாரம் பூரா வேண்டாம், ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள். சோத்துல இருக்கிற ஒரு வகை கிருமியோட வித்து கொதிச்சாலும் சாகாது, வெளிய கிடந்தா பெருகி விஷம் உண்டாக்கும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. அதனால அகலமான தட்டுல பரத்தி சீக்கிரமா ஆற வெச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ள வெச்சுடுங்க, வாரக் கடைசிக்கானதை அன்னிக்கே ஃப்ரீசர்ல போடுங்க. தேதி விஷயமும் இதோட சொல்லிடறேன்: பல நாடுகள்ல யூஸ் பை போட்டிருந்தா அது பாதுகாப்புக்கான தேதி, தாண்டினா சாப்பிடாதீங்க. பெஸ்ட் பிஃபோர்னா ருசிக்கான தேதி, தாண்டினாலும் பார்த்து மோந்து பயன்படுத்தலாம்.

கேள்வி: 4 பேர் ஒரே வீடு, மளிகை பில்லுல தினம் சண்டை.

எல்லாத்தையும் சமமா பிரிக்கப் போனாலே சண்டை வரும். ஒருத்தர் கறி சாப்பிடுவார், ஒருத்தர் சாப்பிட மாட்டார், ஒருத்தர் பாதி நாள் வீட்டுலயே இருக்க மாட்டார். அரிசி, எண்ணெய், உப்பு, வெங்காயம் மாதிரி எல்லாருக்கும் பொதுவானதுக்கு மட்டும் மாசம் ஒரு தொகை போடுங்க, மத்தது அவங்கவங்க செலவு. சமைக்கிறவங்க உழைப்பையும் கணக்குல எடுங்க, தினமும் ஒரே ஆள் சமைச்சா அவரை பாத்திரம் கழுவ விடாதீங்க.

கேள்வி: நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா சமைக்கவே தெம்பு இல்ல, ஆர்டர் பண்ணிடறேன்.

அது சோம்பேறித்தனம் இல்லம்மா, உடம்பு கேட்கிற ஓய்வு. லீவு நாள்ல எது சமைச்சாலும் ரெண்டு மடங்கா சமைச்சு, ஒரு வேளை அளவா ஃப்ரீசர்ல வை, மேல பேரும் தேதியும் எழுதி ஒட்டிடு. வாரத்துல 3 ஆர்டர் ஒண்ணா குறைஞ்சாலே நீ கடையில அலைஞ்சு தேடுற ஆஃபர் எல்லாத்தையும் விட ஜாஸ்தி மிச்சம்.

கேள்வி: ஃபீஸ் கட்டினதுல கையில காசு இல்ல. ஒரு மாசமா ரொட்டியும் நூடுல்ஸும்தான். வீட்டுல சொல்லல.

கண்ணு, இதைப் படிச்சதும் எனக்கு மனசே சரியில்ல. உடனே ஒண்ணு பண்ணு: முட்டை, பருப்பு, முட்டைக்கோஸ், ஃப்ரோசன் பட்டாணி, இந்த நாலை வாங்கிடு, 100 கிராம் காஞ்ச பருப்புலயே 24 கிராம் பக்கம் புரதம் இருக்கு, நூடுல்ஸ் செலவோட கொஞ்சம் சேர்த்தாலே முடியும். அடுத்தது, உன் காலேஜ்ல மாணவர் நலப் பிரிவு இருந்தா நேர்ல போய் நிலைமையைச் சொல்லு, நிறைய இடத்துல அவசர உதவித்தொகையோ இலவச மளிகையோ இருக்கும், வெளிநாட்டு மாணவருக்கும் உண்டான்னு கேளு. எங்க விடுதியில அப்படி கேட்டு வந்த பிள்ளைங்க யாரையும் நாங்க குறைவா பார்த்ததே இல்ல. நாளைக்கே போ, அம்மாவுக்கும் இன்னிக்கு ராத்திரி ஒரு போன் போட்டுடு.