மைத்துனர் பெயரில் வயல் வாங்கலாமா?

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டத்துக்காரன் நான்; இந்தியக் குடிமகன். பதினொரு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை. மனைவி இந்தோனேசியாவில் மத்திய ஜாவாவின் பன்யுமாஸ் பகுதியில் ஒரு சிறு கிராமத்தைச் சேர்ந்தவர். 2020-இல் அங்கேயே நிக்காஹ் நடந்து பதிவும் ஆனது. மூன்று வயதில் ஒரு மகள். அவளுக்கு இந்தோனேசிய பாஸ்போர்ட் இருக்கிறது. மாமனார் தம் வீட்டு மனையையும் நூறு உபின் (அங்குள்ள நில அளவு) வயலையும் எங்களுக்கு விற்கத் தயார். வெளிநாட்டவனை மணந்ததால் மனைவி பெயரில் வாங்க முடியாது, மைத்துனர் பெயரில் வாங்கி அவரிடம் தனி ஒப்பந்தமும் பவரும் எழுதி வாங்கிக்கொள் என்கிறார்கள் ஊரில். நிலத்துக்கு இருப்பது 'லெட்டர் சி' நகலும் வரி ரசீதும் மட்டுமே. சேமிப்பு முழுவதையும் போட்டு அங்கேயே குடியேற ஆசை. செய்யலாமா?

பதில்: குடியேறலாம். ஆனால் மைத்துனர் பெயரில் ஒரு சதுர அடிகூட வாங்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் அனுப்பிய பிறகுதான் பெரும்பாலானவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

இந்தோனேசிய நிலச் சட்டத்தின் அடித்தளம் 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் சட்டம். அதன் 21-ஆவது பிரிவின்படி முழு உரிமையான 'ஹக் மிலிக்' அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. 26-ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த உரிமையை வெளிநாட்டவருக்கு மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. மைத்துனரோடு நீங்கள் எழுத நினைக்கும் தனி ஒப்பந்தம் அந்த 'சுற்றிவளைத்து' என்ற சொல்லுக்குள் அப்படியே அடங்கிவிடுகிறது. நம் ஊர் பினாமிப் பத்திரத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. யார் பணத்தில் வாங்கியிருந்தாலும் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-இல் தன் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. 'பவர்' உங்களைக் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். ரத்து செய்ய முடியாத பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து நிலத்தைக் கைமாற்றுவதை 1982 முதலே அரசு தடுத்து வைத்திருக்கிறது.

உங்கள் மைத்துனர் நல்லவராகவே இருக்கட்டும். நான் பார்த்த ஒரு வழக்கில் பெயர் கொடுத்தவர் ஒரு குறையும் வைக்காத மனிதர். அவர் திடீரென்று இறந்துபோனார். அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் சட்டப்படி வாரிசுகள். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒப்பந்தத்தை என் கட்சிக்காரர் மேசைமேல் விரித்தார். நோட்டாரிஸ் (அங்கே பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் சட்ட அலுவலர்) அதை ஒருமுறை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் வீடு போய்விட்டது.

இனி நல்ல செய்தி. வெளிநாட்டவரை மணந்தால் மனைவிக்கு நில உரிமை போய்விடும் என்று ஊரில் சொல்வது தவறு. உங்கள் மனைவி இன்றும் இந்தோனேசியக் குடிமகள். நிலம் வைத்திருக்கும் தகுதி அவருக்கு முழுமையாக உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம், 35-ஆவது பிரிவு, மணத்துக்குப் பின் சம்பாதித்து வாங்கும் சொத்து இருவருக்கும் பொது என்கிறது. அப்படியானால் மனைவி இன்று வாங்கும் வயலில் பாதி உங்களுடையது. அந்தப் பாதியே வயலுக்கு வினை: மணத்தால் கலந்த சொத்தின் வழியே ஹக் மிலிக் வெளிநாட்டவருக்கு வந்து சேர்ந்தால், ஓராண்டுக்குள் அவர் அதைக் கைவிட வேண்டும்.

இதற்கான மருந்து திருமணச் சொத்து ஒப்பந்தம். இவருடைய சொத்து இவருக்கு, அவருடைய சொத்து அவருக்கு என்று பிரித்து எழுதுவது. முன்பு இதை நிக்காஹுக்கு முன்போ அன்றோதான் எழுத முடியும். ஜப்பானியரை மணந்த ஓர் இந்தோனேசியப் பெண் தொடுத்த வழக்கில், 2016 அக்டோபர் 27 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. இப்போது மணவாழ்வின் நடுவிலும் எழுதலாம். நோட்டாரிஸிடம் எழுதி, உங்கள் நிக்காஹ் பதிவான மத விவகார அலுவலகத்தில் குறிக்கச் செய்ய வேண்டும். குறிக்காத ஒப்பந்தம் வெளியாரைக் கட்டுப்படுத்தாது. ஒரு பெண் தனக்காக நடத்திய வழக்கு உங்கள் மனைவிக்கும் வழி திறந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் மாமனார் காதில் போட வேண்டியது அது. அதே 35-ஆவது பிரிவு, தானமாகவோ வாரிசுரிமையாகவோ ஒருவருக்கு வருவது அவருடைய தனிச் சொத்து என்கிறது. மாமனார் உண்மையாகவே மகளுக்கு ஹிபாவாக, அதாவது இஸ்லாமிய முறைத் தானமாகக் கொடுத்தால் அது பொதுச் சொத்தாகவே ஆகாது. அங்குள்ள இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு ஹிபாவுக்குக் கொடுப்பவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பை வைக்கிறது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதை வாரிசுப் பங்கில் கணக்கிடவும் இடம் தருகிறது. எனவே மைத்துனர் உட்பட எல்லாப் பிள்ளைகளின் எழுத்து மூலமான சம்மதமும் தேவை. மறைவில் பணம் கொடுத்துவிட்டு வெளியில் தானம் என்று எழுதுவதற்கு மட்டும் உடன்பட வேண்டாம். விலை கொடுப்பதென்றால் விலை என்றே எழுதுங்கள். சொத்து ஒப்பந்தம் முதலில், கிரையம் பிறகு.

இப்போது காகிதங்கள். லெட்டர் சி என்பது கிராம அலுவலகத்துப் பழைய வரிப் பதிவேட்டின் ஒரு பக்கம். தீர்வை யார் கட்டினார் என்பதையே அது சொல்லும். நம் ஊரில் தீர்வை ரசீதைக் காட்டிப் பட்டா என்பது போன்றது. 2021-இல் வந்த அரசு ஒழுங்குமுறை எண் 18, இத்தகைய பழைய ஆவணங்களைப் பதிவுசெய்து சான்றிதழாக்க ஐந்தாண்டு கெடு வைத்தது. அது 2026 பிப்ரவரி 2 வரைக்கும்தான். அதன் பின் அவை உரிமைச் சான்று ஆகாது, வெறும் அடையாளக் குறிப்பு மட்டுமே. நிலம் மாமனாரை விட்டுப் போய்விடாது. ஆனால் அனுபவத்தில் வைத்திருக்கிறோம் என்ற உறுதிமொழியும் சாட்சிகளும் காட்டித்தான் சான்றிதழ் வாங்க முடியும். ஆகவே மாமனார் பெயருக்குச் சான்றிதழ் வரும்வரை முன்பணம்கூட வேண்டாம். கிராமங்களில் அரசு 2017 முதல் நடத்தும் முழுமைப் பதிவுத் திட்டத்தில் உங்கள் ஊர் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் செலவு மிகக் குறையும்.

வயலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது 'பெங்கோக்' இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பெங்கோக் என்பது கிராம அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்கு ஈடாக ஒதுக்கிய ஊர் நிலம். தனியாருக்கு விற்கக் கூடியதன்று. அடுத்து, 1961-ஆம் ஆண்டு விதிப்படி விளைநிலம் வைத்திருப்பவர் அந்த வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டும். நீங்கள் இருவரும் சிங்கப்பூரிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் வயல் மனைவி பெயரில் நிலைப்பது சிரமம். வீட்டு மனைக்கு இந்தக் கட்டு இல்லை. வயலைத் தூர்த்து வீடு கட்டும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். உணவுப் பயிர் நிலத்தைக் காக்க 2009-இல் தனிச் சட்டமே இருக்கிறது.

பிழைப்புக்கு வருவோம். நூறு உபின் என்றால் ஏறக்குறைய 1,400 சதுர மீட்டர், நம் கணக்கில் 35 சென்ட். நல்ல பாசனத்தில் ஒரு போகத்துக்குச் சுமார் 700 கிலோ நெல் எதிர்பார்க்கலாம். வீட்டுச் சோற்றுக்குக் குறைவிருக்காது. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதிலிருந்து வராது. பன்யுமாஸில் பல குடும்பங்களுக்குக் காசு தருவது தென்னை வெல்லம். நீங்கள் கருப்பட்டி காய்ச்சும் மாவட்டத்துக்காரர், பார்த்ததும் புரிந்துவிடும். விடியலில் மூங்கில் குழாய்களை இடுப்பில் கட்டி மரம் ஏறிப் பதநீர் இறக்குகிறார்கள், பெண்கள் விறகடுப்பில் பெரிய வாணலியில் மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். ஏறுபவர் தவறி விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு அணைந்துவிடும். அதை முதலீட்டுத் தொழிலாக நினைத்து இறங்க வேண்டாம். சேமிப்பில் பாதியையாவது நிலத்தில் போடாமல் வங்கியில் வையுங்கள். இது சட்டம் சொல்வதன்று. உங்கள் மீதுள்ள அக்கறையில் நான் சொல்வது.

குடியேறும்போது மனைவியின் ஆதரவில் தங்கும் அனுமதி பெறுங்கள். மணமாகி ஈராண்டு கடந்தவர் என்பதால் நிரந்தர அனுமதிக்கும் வழி உண்டு. 2011-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம், இந்தோனேசியரை மணந்து இவ்வனுமதி வைத்திருப்பவர் குடும்பத்தைக் காக்க உழைக்கவும் தொழில் செய்யவும் இடம் தருகிறது. வருகை விசாவில் போய் வயலில் இறங்கி வேலை செய்யாதீர்கள்.

கேட்கத் தயங்கியிருப்பீர்கள், நானே சொல்கிறேன்: மனைவி உங்களுக்கு முன்னே இறந்துவிட்டால்? பிள்ளை இருப்பதால் உங்களுக்கு ஏறக்குறையக் கால் பங்கு. மகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் மற்ற பங்குகள். உங்கள் கால் பங்கை ஓராண்டுக்குள் மாற்றியாக வேண்டும், மகளுக்கே கொடுத்துவிடலாம். ஆனால் மகள் வேறு குடியுரிமையும் வைத்திருந்தால் அவளுக்கும் இதே ஓராண்டுக் கெடு பொருந்தும். ஆகவே அவளை இந்தியக் குடிமகளாகப் பதிவுசெய்ய அவசரப்படாதீர்கள். இந்தியாவோடு தொடர்பு இருக்க ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியர் அட்டை போதும். இந்தியச் சட்டப்படி அது குடியுரிமை ஆகாது.

உங்கள் தலைக்கு மேல் கூரை நிலைக்க, சொத்து ஒப்பந்தம் முடிந்த கையோடு, மனைவியின் வீட்டை நீங்கள் 25 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்ததாக நோட்டாரிஸிடம் எழுதிக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவில் வசிக்கும் வெளிநாட்டவர் குத்தகைக்கு எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வீடு வாரிசுகளிடம் போனாலும் குத்தகை அறுந்துவிடாது. 'ஹக் பகாய்' என்ற பயன்பாட்டு உரிமையும் உண்டு, ஆனால் வெளிநாட்டவருக்கான குறைந்தபட்ச விலை நிபந்தனை இருப்பதால் கிராமத்து வீட்டுக்குப் பொருந்தாது.

அடுத்த விடுமுறையில் போகும்போது நேராக வயலுக்குப் போகாதீர்கள். மாமனாரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு கிராம அலுவலகத்துக்குப் போங்கள். ஊர்ச் செயலரிடம் சி பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லி, பெயரும் பரப்பும் மாமனார் கையிலுள்ள நகலோடு ஒத்துப்போகின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். மைத்துனரும் கூட வரட்டும்; அவர் பெயரை ஏன் போடவில்லை என்பதை அங்கேயே, அவர் முகம் பார்த்து, நீங்களே சொல்லிவிடுங்கள்.