வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் அனிமோன். கையை விரிக்கும் கடைக்காரர்

கேள்வி: ஐந்து நாள் முன்பு 2,800 ரூபாய் கொடுத்து என் கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு கம்பள அனிமோன் (கடல் சாமந்தி என்கிற, பூ மாதிரி விரியும் பிராணி) வாங்கினேன். முதல் நாள் நன்றாக விரிந்தது. அதன்பின் பகலில் ஊதிப் பெரிதாகிறது, ராத்திரி காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிவிடுகிறது. வாய் திறந்தபடியே இருக்கிறது. பாறை, மணல், கண்ணாடி எதிலும் கால் (அதன் அடிப்பாகம்) ஒட்டவில்லை. கடையில் போய்ச் சொன்னால், “உயிருள்ளதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார், அனிமோனே ரெண்டு மாசம்தான் வரும்” என்கிறார். நெட்டில் பார்த்தால் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை போடச் சொல்கிறார்கள். அதைத் தொட்டியிலேயே போடலாமா, இல்லை ஹாஸ்பிடல் டேங்க் என்று தனியாக வாங்கியாக வேண்டுமா? ஒரு செட்டுக்கு ஐயாயிரம் கேட்கிறார்கள்.
– அம்பத்தூர் வாசகர்

பதில்: அந்த ஐயாயிரத்தைப் பையிலேயே வைத்திருங்கள். மாத்திரையைப் பெரிய தொட்டியில் போட வேண்டாம். அது நோய்க் கிருமியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் மருந்தில்லை. அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றி வரும் நல்ல பாக்டீரியாவும் அடிவாங்கலாம். அதோடு, இந்த மருந்து கொடுக்கும் நாட்களில் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் அது ஆகிற காரியமா?

அனிமோன் சுருங்குவதே நோய் என்று பயப்பட வேண்டாம். கழிவை வெளியே தள்ள அவ்வப்போது அது சுருங்கும், சில மணி நேரத்தில் பழையபடி விரியும். ஆனால் தினமும் ஊதுவதும் வடிவதுமாக இருக்கிறது, வாய் தளர்ந்து தொங்குகிறது, கால் ஒட்டவில்லை என மூன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்தால் அது சீக்குதான்.

மருந்துக்கு ஓடும் முன் தண்ணீரைப் பாருங்கள். அடர்த்தி 1.025 பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். வெப்பம் 25 முதல் 27 டிகிரி. சித்திரை வெயிலில் சென்னையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் அனிமோன் தன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். தண்ணீர் கெட்டிருந்தால் எந்த மாத்திரையும் பிரயோசனமில்லை. தண்ணீர் சரியாக இருந்தும் இப்படிக் கிடந்தால், பிடித்த இடத்திலோ பையில் வந்த வழியிலோ காயம் பட்டு பாக்டீரியா ஏறியிருக்கலாம். மாத்திரைக்கு வேலை அங்கேதான்.

ஹாஸ்பிடல் டேங்க் என்பது கடையில் ‘செட்’டாக விற்கும் பொருள் அல்ல. புதிய பிளாஸ்டிக் டப் இரண்டு, 20 லிட்டர் பிடித்தால் போதும். சோப்புப் பவுடர் பார்த்த வாளி ஆகாது. ஒரு ஏர் பம்ப், முடிந்தால் பேட்டரியிலும் ஓடுவது. கரண்ட் போனால் டப்பில் காற்று நின்றுவிடும். ஒரு தெர்மாமீட்டர். அப்புறம் ஒரு கண்ணாடிக் கிண்ணம். பாயசக் கிண்ணத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, விளிம்பு கூர்மை இல்லாமல் இருக்கட்டும். அனிமோனை அதற்குள் உட்கார வைத்து, கிண்ணத்தோடு டப்பில் இறக்குங்கள். தண்ணீர் மாற்றும்போது கிண்ணத்தை அப்படியே தூக்கி அடுத்த டப்பில் வைத்துவிடலாம். காலில் கை படாது, கால் கிழியாது. மணல், பாறை, ஃபில்டர் எதுவும் வேண்டாம். தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டார் வைத்தே தீர வேண்டுமென்றால், அது தண்ணீரை உறிஞ்சும் வாயை ஸ்பாஞ்சால் மூடுங்கள். கால் ஒட்டாத அனிமோன் நகர்ந்து போய் அதில் மாட்டிக் கூழான கதையை உப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

அளவு: வளர்ப்பவர்கள் பின்பற்றுவது பத்து காலனுக்கு, அதாவது சுமார் 38 லிட்டருக்கு, 250 மில்லிகிராம். இது மருந்து கம்பெனி அனிமோனுக்கென்று அச்சடித்துத் தந்த அளவல்ல, வளர்ப்பவர்கள் பலரும் செய்து பார்த்துப் பழகியது. நம் கணக்கில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றுக்கு 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் பாதி. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது, ஆகவே கால்நடை மருத்துவரிடம் சீட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும், டினிடசோல் சேர்ந்த கலவை மாத்திரையை ‘இதுவும் அதுதான்’ என்று நீட்டுவார்கள். அது வேண்டாம், சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் இருப்பதாகக் கேளுங்கள்.

தினப்படி வேலை இதுதான். ராத்திரி விளக்கை அணைத்தபின், முந்தின நாளே கலந்து காற்று ஓடவிட்ட புதுத் தண்ணீர் டப்புக்குக் கிண்ணத்தை மாற்றுங்கள். இரண்டு டப்பும் ஒரே அறையில் இருந்தால் வெப்பமும் ஒன்றாக இருக்கும். பாதி மாத்திரையை நன்றாகப் பொடித்து, அரை டம்ளர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, ஆறியபின் டப்பின் ஓரமாக ஊற்றுங்கள். வெளிச்சத்தில் சிதைந்துவிடும் மருந்து என்பதால்தான் ராத்திரி வைத்தியம். பகலில் மிதமான விளக்கு போதும். மறுநாள் ராத்திரி மறுபடி முழுத் தண்ணீரும் மாற்றம், மறுபடி பாதி மாத்திரை. இப்படி ஏழு நாள். பழைய தண்ணீரை உடனே சாக்கடையில் கொட்டாமல் மாடியில் வெயில் படும்படி வாளியில் இரண்டு நாள் வைத்துவிட்டுக் கொட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்காக மட்டுமல்ல, கம்பள அனிமோன் பட்டால் தோல் தடித்துவிடும்.

இப்போது செலவு. மாத்திரையை விடுங்கள், சில்லறைக் காசு. உங்களுக்குச் செலவு வைப்பது உப்பு. நாளைக்கு 20 லிட்டர், ஏழு நாளைக்கு 140 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 38 கிராம் கடல் உப்புக் கலவை என்று போட்டால் ஐந்தேகால் கிலோவுக்கு மேல் வரும். 40 லிட்டர் டேங்க் வாங்கியிருந்தால் இது இரட்டிப்பு. அதனால்தான் ‘செட்’ வேண்டாம் என்றேன். தண்ணீருக்கு வாட்டர் கேன் பரவாயில்லை. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் என்றால், உங்கள் மெஷின் ‘காப்பர்’ சேர்க்கிற மாடலா என்று பாருங்கள். இப்போது அதைத்தான் பெருமையாக விற்கிறார்கள். மனிதனுக்கு எப்படியோ, முதுகெலும்பில்லாத கடல் பிராணிகளுக்குச் செம்பு விஷம். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு கேன் கடல் தண்ணீர் மொண்டு வரலாமே என்று தோன்றும். அடையாறு கலக்கும் கரை அது. நோயாளிக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் மாற்றம் தெரியாது. பொறுத்திருங்கள். தேறுகிறது என்றால் முதலில் வாய் இறுகும், சுருங்கினாலும் சீக்கிரம் விரியும், பிறகு கால் கண்ணாடியைப் பிடிக்கும். கிண்ணத்தை லேசாகச் சாய்த்தால் வழுக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். அதுவரை சாப்பாடு வேண்டவே வேண்டாம். பாசத்தில் இறாலைத் திணிப்பவர்கள்தான் பாதி அனிமோனைக் கொல்கிறார்கள். செரிக்காத இறால் உள்ளேயே அழுகும். மருந்து முடிந்து, வாய் இறுகி இரண்டு நாள் ஆனபின், சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு இறால் துண்டு ஒன்று கொடுத்துப் பாருங்கள். அனிமோனுக்குள் குடியிருக்கும் கோமாளி மீனை இப்போது அதோடு சேர்த்து விட வேண்டாம். அது உரசி உரசியே நோயாளியைச் சோர்வாக்கிவிடும்.

சதை இழை இழையாகப் பிரிந்து, கருவாட்டுக்கடை நாற்றத்தையும் தாண்டிய ஒரு வாடை வந்தால் முடிந்தது. அப்போது தயங்காமல் எடுத்துவிடுங்கள். சாகும் அனிமோன் பெரிய தொட்டியில் கிடந்திருந்தால் மற்ற மீன்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

அந்த ‘ரெண்டு மாச’ பேச்சுக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் ஜான் டாலியல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-இல் வட பெர்விக் கரையில் ஒரு கடல் சாமந்தியை எடுத்துக் கண்ணாடி ஜாடியில் வைத்தார். சில்லர் இல்லை, ஃபில்டர் இல்லை. கடல் நீரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள், அவ்வளவுதான். டாலியல் 1851-இல் இறந்துபோனார். ‘பாட்டி’ என்று பேர் வாங்கிய அந்தச் சாமந்தி 1887 வரை இருந்தது. உங்களுடையது வேறு இனம், வெப்பக் கடல் பிராணி, ஒப்பிட முடியாது. ஆனாலும் இரண்டு மாசம் என்பது அனிமோனின் ஆயுளல்ல, கவனிக்காத தொட்டியின் ஆயுள்.

கேள்வி: அப்படியானால் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டாமா? பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறார்களே?
– அதே வாசகர்

பதில்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பில் தராமல் இருப்பதும் அதே கணக்குதான். ‘உயிருள்ளது’ என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆனால் நிரூபணம் உங்கள் தலையில்தான். விற்கும்போதே சீக்காக இருந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? “நீங்க தண்ணி சரியா வைக்கல சார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதனால் இன்றே வாய், கால் இரண்டும் தெரிய வீடியோ எடுங்கள். தொட்டித் தண்ணீரின் டெஸ்ட் முடிவையும் அதே வீடியோவில் காட்டுங்கள். வாங்கிய தேதியோடு வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்புங்கள், போனில் பேசி நிறுத்திவிடாதீர்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. என்னைக் கேட்டால், 2,800 ரூபாய்க்கு ஆணையத்தின் படியேறும் முன் பாதிப் பணத்துக்கோ வேறு அனிமோனுக்கோ பேசிப் பாருங்கள். 1915-இல் பதிவான எண்ணைச் சொல்லிப் பேசினால் குரல் கொஞ்சம் இறங்கும்.

கேள்வி: அடுத்த ஞாயிறு கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போகிறேன். அனிமோன் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?
– பெரம்பூர் வாசகி

பதில்: கண்ணாடிக்கு வெளியே பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வாய் இறுகி இருக்கிறதா, கால் எதையாவது பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் கடைப் பையன் எப்படி எடுக்கிறான் என்று பாருங்கள். கரண்டியால் சுரண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகருங்கள், கால் கிழிந்திருக்கும். பால் வெள்ளை அனிமோன் அழகல்ல, பாசி போன அனிமோன். எலுமிச்சை மஞ்சளிலும் ரோஸ் கலரிலும் பளிச்சென்று இருந்தால் சாயம் ஏற்றியதா என்று சந்தேகப்படுங்கள். இறால் துண்டு ஒன்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அனிமோனின் இழைக் கைகள் அதை ஒட்டிப் பிடிக்க வேண்டும். எப்போது வந்த சரக்கு என்று கேளுங்கள். நேற்று வந்தது என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வாங்குங்கள். அந்த வாரத்தில் செத்தால் நஷ்டம் அவருடையது. பில் வாங்காமல் வராதீர்கள். கூடவே ‘ஒரிஜினல் பவளப் பாறை’ என்று எதையாவது தள்ளிவிடப் பார்த்தால் தொடவே வேண்டாம். பாறை உருவாக்கும் பவளங்கள் 2001-இலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

கேள்வி: ஊரே உப்பளம். ஹாஸ்பிடல் டேங்குக்குக் கடல் உப்புக் கலவை என்று காசு கொட்ட வேண்டுமா, நம்ம கல் உப்பு போதாதா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: போதாது. பாத்தியில் கடல் நீர் வற்றும்போது கால்சியம் உள்ள ஜிப்சம் முன்பே படிந்துவிடும், பிறகுதான் நீங்கள் வாரும் உப்பு. மெக்னீசியம் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். அனிமோனுக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் கழிந்தது போக எஞ்சியதுதான் கல் உப்பு. அதைக் கரைத்தால் அடர்த்தி மீட்டர் 1.025 காட்டும், தண்ணீர் கடலாக இருக்காது. குழம்புக்கு உங்கள் ஊர் உப்புதான் எனக்கும்.

கேள்வி: கோமாளி மீன் ஜோடி வைத்திருக்கிறேன். அனிமோன் இல்லாவிட்டால் செத்துவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கவா?
– கோவை வாசகி

பதில்: வேண்டாம். தொட்டியில் அதைத் துரத்தித் தின்ன யாரும் இல்லை, ஒளிய இடமும் தேவையில்லை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். பொரிப்பகக் குஞ்சுகள் அனிமோனைப் பார்க்காமலே வளரும். தொட்டிக்கு ஒரு வருடம் ஆகி, தண்ணீர் அளவுகள் ஆடாமல் நின்றபின் ஆசை இருந்தால் யோசியுங்கள்.