ஒழுங்கையின் நடுவால் போகிற கோடு: வட்டார எல்லை பற்றி வாசகர் கேள்விகள்

யாழ்ப்பாணத்து உள்ளூராட்சி மன்றங்கள், உறுப்பினரைத் தெரிவதற்கு அவற்றைப் பிரித்த வட்டாரங்கள் பற்றி எழுதத் தொடங்கிய நாளில் இருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கனக்க ஒரே மாதிரியானவை என்பதால் சிலவற்றை ஒன்றாக்கியும் சிலவற்றைச் சுருக்கியும் இருக்கிறேன். திட்டி எழுதியவர்களின் கேள்வியும் உள்ளே இருக்கிறது, திட்டு மட்டும் இல்லை.

எங்கள் ஒழுங்கையின் ஒரு பக்கம் யாழ். மாநகர சபை, மற்றப் பக்கம் நல்லூர் பிரதேச சபை. குப்பை வண்டி முன்வீட்டில் நிற்கிறது, எங்கள் படலையில் நிற்பதில்லை. எல்லையை மாற்றச் சொல்லிக் கேட்டால், "வட்டாரம் எல்லாம் 2017இலேயே முடிந்துவிட்டது" என்கிறார்கள். (திருநெல்வேலிப் பக்கம்)

உங்களுக்குப் பதில் சொன்னவர் இரண்டு கோடுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். ஒன்று சபையின் எல்லை. மற்றது அந்தச் சபைக்குள்ளே வட்டாரங்களைப் பிரிக்கிற எல்லை. 2017இல் வரையப்பட்டது இரண்டாவது கோடு. உங்கள் பிரச்சினை முதலாவதில் இருக்கிறது. அதை மாற்றத் தனியாக வர்த்தமானி வேண்டும், அது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

இந்தக் குழப்பம் உங்கள் ஒழுங்கையோடு நிற்பதும் இல்லை. நல்லூர்க் கந்தன் கோயில் நல்லூர் பிரதேச சபைக்குள் இல்லை, மாநகர சபைக்குள் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் வீதி மறிப்பதும் கடைக்கு இடம் கொடுப்பதும் மாநகர சபைதான். பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலி பிரதேச சபைப் பக்கம். நல்லூர் பிரதேச செயலகப் பிரிவோ இரண்டு சபைகளிலும் கால் வைத்திருக்கிறது. வெளியூரில் இருந்து வருகிறவருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு தேத்தண்ணி நேரம் போதாது.

ஆனால் குப்பைக்கு எல்லையை மாற்ற வேண்டியதில்லை. இரண்டு சபையும் பேசி "இந்த ஒழுங்கை முழுவதையும் நாங்கள் எடுக்கிறோம், அந்த ஒழுங்கையை நீங்கள் எடுங்கள்" என்று ஒத்துக்கொண்டால் முடிந்தது. சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியை வைத்து இரண்டு சபைக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள், ஒருவருக்கு அனுப்பியது மற்றவருக்குத் தெரிய வேண்டும். நான் முன்பு குடியிருந்த ஒழுங்கையில் தெருவிளக்குக் கம்பம் ஒரு சபையின் பக்கத்தில், விளக்குத் தலை வளைந்து மற்றச் சபையின் பக்கத்தில். பல்ப் போனபோது கம்பம் எங்களுடையது இல்லை என்று ஒருவர், வெளிச்சம் எங்களுக்கு விழவில்லை என்று மற்றவர். இரண்டு மழைக்காலம் இருட்டில் போனது. கடைசியில் இரண்டு வட்டார உறுப்பினர்களையும் ஒரே நாளில் பின்னேரம் கூட்டிவந்து கம்பத்துக்குக் கீழே நிற்க வைத்தபிறகுதான் வேலை நடந்தது.

விதானையார் (கிராம அலுவலர்) பிரிவும் வட்டாரமும் ஒன்றா?

இல்லை. யாழ். மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன, உள்ளூராட்சி மன்றங்களோ 17: ஒரு மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என மூன்று நகர சபைகள், மிச்சம் 13 பிரதேச சபைகள். வட்டாரம் போடும்போது விதானையார் பிரிவுகளைத்தான் செங்கல் மாதிரி அடுக்கினார்கள், அதனால் கனபேருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. சில இடங்களில் இரண்டு மூன்று பிரிவு சேர்ந்து ஒரு வட்டாரம்.

மயிலிட்டியில் இருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம் நாங்கள். இப்போது கோண்டாவிலில் இருக்கிறோம், காணி விடுபட்டும் இன்னும் வீடு கட்டவில்லை. எங்கள் ஊர் வட்டாரத்தில் ஆக்கள் குறைவு என்று பிறகு அதை வேறொன்றோடு சேர்த்துவிடுவார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கூட நேரம் எடுத்தேன், அக்கா.

முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். வட்டார முறைக்கான சட்டத் திருத்தம் வந்தது 2012இல். எல்லை நிர்ணயக் குழு வேலை செய்து, முறைப்பாடுகளைக் கேட்க அசோக பீரிஸ் தலைமையில் இன்னொரு குழு உட்கார்ந்து, கடைசி வர்த்தமானி வந்தது 2017 பெப்ரவரி 17. மயிலிட்டித் துறைமுகமும் அதை ஒட்டிய காணிகளும் விடுபட்டதோ அதே வருடம் ஜூலையில். அதாவது உங்கள் ஊருக்குக் கோடு போட்ட நேரம் ஊருக்குள் நீங்கள் கால் வைக்கவே இல்லை. வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் இருந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எல்லை போடும்போது பார்க்கச் சொல்லிச் சட்டம் சொல்கிறவற்றில் சனத்தொகையும் அடர்த்தியும் உண்டு, இன விகிதாசாரமும் நிலத்தின் அமைப்பும் பொருளாதார நிலையும் உண்டு. தலை எண்ணி மட்டும் வெட்ட வேண்டும் என்று இல்லை. ஆனாலும் தலை எண்ணிக்கை குறைந்த ஊர் எப்போதும் வாதாடித்தான் தன் வட்டாரத்தைக் காப்பாற்ற வேண்டும். அதனால் உங்கள் பெயர் எந்த ஊர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது என்பது வெறும் புள்ளடி போடுகிற விசயம் இல்லை. இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரிலேயே பதிவைத் தொடர வழிசெய்ய 2013இல் 27ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் ஒன்று வந்தது, அது தற்காலிக ஏற்பாடு. இன்றைய நிலையில், காணி விடுபட்டுவிட்டது என்றால் உங்கள் மயிலிட்டி விதானையாரைக் கண்டு, வருடாந்த இடாப்புத் திருத்தத்தில் பெயர் எங்கே போகிறது என்று நேரே கேளுங்கள். கோண்டாவிலில் வசதி என்று பதிவை மாற்றியவர்களைக் குறைசொல்ல மாட்டேன், பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதிக்கு வதிவிடம் காட்ட வேண்டும் என்றால் ஆர்தான் என்ன செய்வது. ஆனால் முழு ஊரும் அப்படி மாற்றினால் மயிலிட்டிக்காகக் கதைக்கப் பட்டியலில் ஆள் இருக்காது.

எங்கள் வட்டாரத்தில் தோற்றவர் இப்போது சபையில் இருக்கிறார். இது எப்படி ஐயா? ஏமாற்று வேலையா?

ஏமாற்று இல்லை, கணக்கு. 2012 சட்டத்தில் 70 வீதம் வட்டாரம், 30 வீதம் கட்சி எடுத்த மொத்த வாக்கைப் பார்த்து நிரப்புகிற பட்டியல் என்றுதான் இருந்தது. 2017இல் அதை 60க்கு 40 ஆக்கினார்கள். யாழ். மாநகர சபையில் 27 உறுப்பினர்கள் வட்டாரத்தால், 18 பேர் பட்டியலால், எல்லாமாக 45. (2009 தேர்தலில் அந்தச் சபையில் மொத்தமே 23 பேர்தான்.)

உதாரணத்துக்குச் செல்லுபடியான வாக்கு 45,000 என்று வைப்போம். 45ஆல் பிரித்தால் ஓர் உறுப்பினருக்கு 1,000. 17,300 வாக்கு எடுத்த கட்சிக்கு 17 இடம் உரியது. அது 15 வட்டாரத்தை வென்றிருந்தால் பட்டியலில் இருந்து 2 பேர். 8,700 எடுத்த கட்சிக்கு 8, மிச்சம் 700 பெரியது என்பதால் இன்னொன்றும் சேர்ந்து 9. அது மூன்று வட்டாரம்தான் வென்றது என்றால் பட்டியலில் 6 பேர். ஒரு வட்டாரமும் வெல்லாத சின்னக் கட்சிக்குக்கூட 2,500 வாக்கு இருந்தால் இரண்டு மூன்று இடம் கிடைக்கும். அதில் ஒருவர்தான் உங்கள் வட்டாரத்தில் தோற்றவர்.

வில்லங்கம் எங்கே என்றால், 17 இடம் உரிய கட்சி 20 வட்டாரத்தை வென்றுவிட்டால், வென்றதைப் பிடுங்க முடியாது. மற்றவர்களுக்கு உரியதையும் குறைக்க முடியாது. சபை 48 ஆகிவிடும். கதிரை காணாது.

இந்த முறையால் அறுதிப் பெரும்பான்மை கிடைப்பது கடினம். 2018இல் மாநகர சபையில் தமிழரசுக் கட்சிக்கு 16, தமிழ்க் காங்கிரசுக்கு 13, ஈ.பி.டி.பி.க்கு 10, பெரும்பான்மைக்கு வேண்டிய 23 ஒருவருக்கும் இல்லை. பிறகு வரவு செலவுத் திட்டம் தோற்று 2020 கடைசியில் முதல்வரே மாறியது ஞாபகம் இருக்கும். எனக்குக் கேட்டால், வட்டாரத்தில் மண் ஒட்டிய ஆளும் பட்டியலில் சின்னக் குழுக்களின் குரலும் சேர்ந்து வருவது நல்லது, அதற்கு விலை இந்த இழுபறி.

சில வட்டாரங்களில் இரண்டு பேர் தெரிவாகிறார்களே?

ஒரு சமூகம் தனி வட்டாரமாகப் பிரிக்க முடியாதபடி கலந்து வாழ்கிற இடங்களில், கட்சிகள் இரண்டு தரப்பிலும் ஆளை நிறுத்தட்டும் என்று வைத்த ஏற்பாடு. நீங்கள் ஒரே ஒரு புள்ளடிதான் போடுவீர்கள், கட்சிக்கு. கூட வாக்கு எடுத்த கட்சி இரண்டு இடத்தையும் எடுத்துக்கொள்ளும்.

25 வீதம் பெண்கள் என்றார்கள். எங்கள் சபையில் எண்ணிப் பார்த்தால் அவ்வளவு இல்லையே?

சட்டம் 25 வீதம்தான் சொல்கிறது. வட்டார வேட்பாளர்களில் 10 வீதம், பட்டியலில் 50 வீதம் பெண்கள் என்று வேட்புமனுவிலேயே காட்ட வேண்டும். ஆனால் 20 வீதத்துக்குக் குறைவாக வாக்கு எடுத்து மூன்றுக்குக் குறைவாக உறுப்பினர் பெற்ற கட்சிக்கு அந்தக் கடமை இல்லை. இப்படிச் சின்னக் கட்சிகள் நாலைந்து ஒவ்வொரு ஆணாக அனுப்பினால் சபையில் கணக்கு இடிக்கும். ஆனாலும் முன்பு நாடு முழுவதும் 2 வீதம்கூட இல்லாதது 2018இல் 20 வீதத்தைத் தாண்டியது. எனக்குள்ள மனத்தாங்கல் வேறு: பட்டியலால் வந்த அக்காமாருக்கு வட்டாரம் இல்லை என்பதால், சனம் மதகு உடைந்தால் அவர்களிடம் போவதில்லை. போங்கள். அவர்களும் அதே சபையில் அதே வாக்கு உள்ளவர்கள்.

வட்டார உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் வருமா?

வராது. கட்சிச் செயலாளர் இன்னொருவரின் பெயரைக் கொடுப்பார்.

யாழ்ப்பாணத்துக்குப் பாராளுமன்ற ஆசனம் குறைந்ததால் வட்டாரமும் குறையுமா?

இரண்டுக்கும் தொடர்பு இல்லை. 2010இல் 9, 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6 என்று இறங்கியது, பதிவான வாக்காளர் எண்ணிக்கையை வைத்து மாவட்டங்களுக்கு ஆசனம் பங்கிடுகிற அரசியலமைப்புக் கணக்கு. அந்த யாழ். தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் சேர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்ப திரும்ப எல்லை போடுவார்களா, மாட்டார்களா? போட்டால் எங்களால் என்ன செய்ய முடியும்?

8,000ஐத் தாண்டிவிட்ட உறுப்பினர் தொகையைப் பாதியளவுக்குக் குறைக்க முன்னாள் தேர்தல் ஆணைக்குழுத் தலைவர் மஹிந்த தேசப்பிரிய தலைமையில் குழு போட்டு, 2023இல் அறிக்கையும் வந்தது. ஆனால் 2025 மே 6 தேர்தல் பழைய 2017 வட்டாரங்களில்தான் நடந்தது. குறைக்க வெளிக்கிட்டால் ஒவ்வொரு வட்டாரமும் பெரிதாகும், இரண்டு மூன்று ஊர் ஒன்றாகும். செலவு மிச்சம் என்று கொழும்பில் இருந்து பார்க்கிறவருக்குச் சரியாகப்படும். நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானில் இருந்து படகில் போகிறவருக்கு அப்படிப் படாது.

எல்லை வேலை தொடங்கி இடையில் நிற்பதுதான் ஆக மோசம். மாகாண சபைக்குப் புதிய முறை என்று 2017இல் சட்டம் கொண்டுவந்து, க. தவலிங்கம் தலைமையில் தொகுதி எல்லைகளும் போட்டு, 2018 ஓகஸ்ட் 24 பாராளுமன்றத்தில் வாக்குக்கு விட்டபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை, எதிராக 139. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்தார். வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2013 செப்ரெம்பரில்.

ஆகவே எல்லைக் குழு வந்து கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அபிப்பிராயம் கேட்கிறது என்று பத்திரிகையில் கண்டால், "எங்கள் ஊரைப் பிரிக்காதே" என்று 300 கையெழுத்து வைப்பதோடு நிற்க வேண்டாம். நான் பார்த்தவரை, நாலு வரியில் மாற்று யோசனை எழுதிக் கொண்டுபோனவரிடம்தான் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். எந்த விதானையார் பிரிவை எங்கிருந்து எடுத்து எங்கே சேர்க்கச் சொல்கிறீர்கள், அதனால் இரண்டு பக்கமும் வாக்காளர் எத்தனை ஆகும், நடுவில் இருப்பது ஒழுங்கையா, வெள்ள வாய்க்காலா, வயலா. வரைபடம் கையால் கீறினாலும் போதும், வடக்கை மேலே போடுங்கள். நான் ஒருமுறை வாய்க்காலை வீதியின் மாறின பக்கத்தில் கீறிக் கொண்டுபோய், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஊர்க்காரராக இருந்ததால் பிடிபட்டேன்.

கடைசி வர்த்தமானியில் எங்கள் வட்டாரத்தை எப்படிப் பார்ப்பது?

2006/44 இலக்க அதிவிசேட வர்த்தமானி. சபையிலும் பிரதேச செயலகத்திலும் கேட்டுப் பாருங்கள். எடுத்ததும் உங்கள் வட்டாரப் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து, ஒரு ஞாயிறு காலை வெயில் ஏற முதல் சைக்கிளில் கோட்டின் வழியே ஒரு சுற்றுப் போய்வாருங்கள். எந்த வீட்டு வேலியோடு கோடு திரும்புகிறது என்பதைக் குறித்துக்கொண்டு வந்தால், அடுத்த கேள்வியை எனக்கு எழுத வேண்டியிருக்காது.