கிரீம் விடுவதற்கு முன் எடுத்து வைக்கும் அகப்பை

கேள்வி: என் மாமிக்கு 74 வயது. சில மாதங்களாக அவருக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. குடித்தால் வயிறு ஊதிவிடும், வயிற்றாலும் போகும். பாற்சர்க்கரை செரிக்கவில்லை, பால் சேர்ந்த எதையும் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பல்லும் இல்லாததால் இரவில் மரக்கறி சூப்தான் கொடுக்கிறேன். வெங்காயத்தைப் பட்டரில் வதக்கி, மரக்கறியை அவித்து அரைத்து, கடைசியில் கிரீம் விடுவேன். என் கணவருக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும். கிரீம் விடுவதற்கு முன் மாமிக்கு ஒரு அகப்பை எடுத்து, சுடுதண்ணீர் கலந்து ஆறரை மணிக்கே அவருடைய அறையில் கொடுத்துவிடுவேன். பாதி குடித்துவிட்டு, "எனக்குக் காணும் பிள்ளை" என்று கோப்பையை வைத்துவிடுகிறார். வயதானதால் நாக்கில் ருசி போய்விட்டது போலும். சோளமா கரைத்து விட்டுப் பார்த்தேன். பசை மாதிரி இருக்கிறது என்றார். கனடாவில் இருக்கும் மச்சாள் பாதாம் பால் வாங்கச் சொல்கிறார். அதன் விலை எங்களுக்குக் கட்டாது. பால் இல்லாமல், கிரீம் விட்டதுபோலத் தடிப்பான சூப் செய்வது எப்படி?
கோண்டாவில் வாசகி

பதில்: பாலுக்குப் பதிலாக எதை விடலாம் என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை. அவற்றுக்கு ஒரு செய்முறையை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த கடிதத்தை எடுப்பதுதான் என் வழக்கம். உங்கள் கடிதத்தை அப்படி வைத்துவிட முடியவில்லை. "கிரீம் விடுவதற்கு முன் ஒரு அகப்பை எடுத்து, சுடுதண்ணீர் கலந்து" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது, உங்கள் மீது எனக்குள்ள குறையும் இருக்கிறது.

நீங்கள் மாமிக்குக் கொடுப்பது செய்து முடிக்காத சூப். கிரீம் வந்து நிறைவு செய்யும் என்ற நம்பிக்கையில் தொடக்கத்திலிருந்தே உப்பும் தண்ணீரும் மரக்கறியும் அளந்து போடப்பட்ட ஒன்றை, அந்தக் கிரீம் வருவதற்கு முன் எடுத்து, அதற்கு மேலும் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து, ஒரு முதிய பெண்ணின் கையில் கொடுக்கிறீர்கள். பிறகு அவர் பாதியில் வைத்துவிட்டால் நாக்கில் ருசி போய்விட்டது என்கிறீர்கள். சோளமா பசையாகிவிட்டது என்பதை அந்த நாக்குத்தானே சரியாகக் கண்டுபிடித்தது? ருசி போனவருக்கு அது தெரிந்திருக்காது. அவர் "காணும்" என்று சொல்வது வயிறு நிறைந்ததால் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

கிரீம் ஒரு சூப்பில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று தடிப்பைக் கொடுப்பது. மற்றது, அதிலுள்ள கொழுப்பு நாக்கில் மெல்லப் படர்ந்து, மிளகு, உள்ளி, வெங்காயம் ஆகியவற்றின் வாசத்தைப் பிடித்து வைத்திருப்பது. அந்த வாசங்களில் பெரும்பாலானவை தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. ஆகவே கொழுப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கூட்டினால் தடிப்பு மட்டுமல்ல, வாசமும் சேர்ந்து போய்விடும். நீங்கள் சோளமா போட்டபோது முதலாவது வேலைக்கு மாத்திரம் ஆள் வைத்தீர்கள், இரண்டாவதை மறந்துவிட்டீர்கள். பாலில்லாத சூப்பில் இந்த இரண்டையும் வெவ்வேறு பொருள்களிடம் ஒப்படைக்க வேண்டும். தடிப்பை மரக்கறியும் பருப்பும் கொடுக்கட்டும், கொழுப்பைத் தேங்காய் கொடுக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை ஒருவர் கேட்டு எழுதவேண்டி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். சொதியில் எந்த மாட்டின் பால் விடுகிறோம்? கீரைக்கடையலுக்குப் பட்டர் போடும் வீடு எது? கத்தரிக்காய்ப் பால்கறியை ஒருவரும் தண்ணீராக இருக்கிறது என்று ஒதுக்கியதில்லை. நகரத்து உணவகங்களில் வெள்ளைக் கோப்பையில் கிரீமைச் சுழித்துவிட்டுக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதற்காக, சூப் என்றால் அதுதான் என்று எப்போது முடிவுசெய்தோமோ தெரியவில்லை. உங்கள் மாமி சொதி வைத்திருப்பார். முதற்பாலை எப்போது விடுவது, எப்போது அடுப்பை நிறுத்துவது என்பது அவருடைய கைக்குத் தெரியும். ஆறரை மணிக்கு அறைக்குள் கோப்பையை நீட்டுவதற்கு முன், ஐந்தரை மணிக்கு அவரைச் சமையலறையில் ஒரு கதிரையில் இருத்திக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு முத்திரைச் செலவு மிச்சமாகியிருக்கும்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். நான்கு பேருக்கு 400 கிராம் பூசணிக்காய், நடுத்தரமான ஒரு உருளைக்கிழங்கு, ஒரு கரட், இரண்டு மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்பு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், மூன்று பல் உள்ளி ஆகியவை போதும். ஒரு லீக்ஸின் வெள்ளைப் பகுதி கிடைத்தால் அதையும் சேருங்கள். பட்டருக்குப் பதிலாக இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் வெங்காயத்தையும் உள்ளியையும் மிக மெல்லிய நெருப்பில், நிறம் மாறாமல், கண்ணாடிபோல ஆகும்வரை வதக்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடமாவது பிடிக்கும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் வெங்காயம் சிவந்து, சூப்பின் இனிமை கசப்பாக மாறிவிடும். சூப்பின் ருசியில் பாதி இந்தப் பத்து நிமிடத்தில்தான் உண்டாகிறது.

பிறகு மரக்கறியையும் கழுவிய பருப்பையும் போட்டு, அவை மூடும் அளவுக்குச் சற்று மேலாக மட்டும் தேங்காயின் இரண்டாம் பாலை விடுங்கள். ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் வரும். பெரும்பாலானோர் பிழைவிடுவது இங்கேதான். தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டுப் பின்னால் எதைப் போட்டுத் தடிப்பாக்கலாம் என்று தேடுகிறார்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் தடிப்பாக்க எதுவும் தேவையில்லை. தேவையானால் கடைசியில் சுடுதண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம், விட்ட தண்ணீரைத் திருப்பி எடுக்க முடியாது. மூடி போட்டு, பருப்பு கரைந்து, கரட்டை அகப்பையால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் நசியும்வரை அவிய விடுங்கள். உருளைக்கிழங்கிலும் பருப்பிலும் உள்ள மாப்பொருள் 60 முதல் 70 பாகை செல்சியசில் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். சோளமாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதனிடம் மாப்பொருளைத் தவிர வேறெதுவும் இல்லை. மரக்கறியில் நாரும் இனிப்பும் சேர்ந்திருப்பதால் வாயில் பசைத்தன்மை தெரிவதில்லை.

அரைக்கும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். கொதிக்கக் கொதிக்கப் பிளெண்டரை நிறைத்து மூடிவிட்டால் நீராவி மூடியைத் தள்ளி, சூப் முகத்தில் தெறிக்கும். ஆறவிட்டு, பாதி அளவுக்கு மாத்திரம் நிரப்பி, மூடியின் மேல் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு அரையுங்கள். மற்றது, உருளைக்கிழங்கை நெடுநேரம் வேகமாக அரைத்தால் அதன் மாப்பொருள் வெளிவந்து, மாமி சொன்ன அதே பசை மீண்டும் வந்துவிடும். கிழங்கைத் தனியே எடுத்து மத்தால் மசித்து, மற்றவற்றை நன்றாக அரைத்த பின் சேர்த்துக் கலப்பது நல்லது. பல்லில்லாதவருக்கு என்பதால் ஒருமுறை வடிதட்டில் வடித்துவிடுங்கள். பூசணியின் நார் ஒன்று தொண்டையில் மாட்டினாலும் அன்றைய சாப்பாடு அத்தோடு முடிந்துவிடும்.

அரைத்ததை மீண்டும் அடுப்பில் வைத்து, சூடேறியதும் உப்பும் மிளகுத்தூளும் போட்டு, அரைக் கோப்பை முதற்பாலை விடுங்கள். ஓரத்தில் சிறு குமிழிகள் எழும்பத் தொடங்கியதும் கிளறிக்கொண்டே இறக்கிவிட வேண்டும். பொங்கிக் கொதித்தால் தேங்காய்ப்பால் திரைந்து எண்ணெய் பிரியும். தேசிப்புளி விடுவதானால், சொதிக்குச் செய்வதுபோல இறக்கிய பிறகே விடுங்கள். புளியும் கொதியும் ஒன்றாகச் சேர்ந்தால் திரைவது நிச்சயம். கொழுப்பைப் பற்றி வைத்தியர் ஏதேனும் சொல்லியிருந்தால் முதற்பாலைக் கால் கோப்பையாகக் குறையுங்கள். தடிப்பு மரக்கறியில் இருப்பதால் சூப் தளராது. தேங்காயை விரும்பாத நாளில், பதினைந்து கஜுவைச் சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து வெண்ணெய்போல அரைத்துச் சேர்க்கலாம். அது விருந்துக்குரியது, விலையும் அப்படித்தான்.

மச்சாள் சொல்லும் பாதாம் பாலை மறந்துவிடுங்கள். பெட்டியில் வருவது பெரும்பாலும் தண்ணீர்தான், சிலவற்றில் சீனியும் வனிலாவும் கலந்திருக்கும். ஓடும் தூரத்தில் தேங்காய் விற்கும் ஊரில் அதற்குக் காசு கொடுப்பது வீண்.

ஆனால் தேங்காய்ப்பால் மா வாங்குவதானால் பொதியின் பின்பக்கத்தை வாசியுங்கள். அவற்றில் பலவற்றில் கட்டிபிடிக்காமல் கரைவதற்காக சோடியம் கேசினேற் என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. அது பாலிலிருந்து எடுக்கப்படும் புரதம். சூப் கட்டிகளிலும் பொதிசெய்த சூப் தூள்களிலும் பால்மாவோ மோர்த்தூளோ இருக்கக்கூடும். உங்கள் மாமியின் சிக்கல் பாற்சர்க்கரையோடு என்று வைத்தியர் சொல்லியிருப்பதால் கேசினேற் அவருக்குப் பெரிய தீங்கு செய்யாது. பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தை அந்த வீட்டில் இருந்தால் கதை வேறு. அங்கே ஒரு துளியும் ஆபத்தாகலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிரீமுக்கு முன்னரே எடுத்துவிடுவதால் மாமியின் பங்கு பால் படாதது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெங்காயத்தை நீங்கள் வதக்கியது பட்டரில் அல்லவா? 100 மில்லிலீற்றர் பசுப்பாலில் ஏறத்தாழ 5 கிராம் பாற்சர்க்கரை உண்டு, 100 கிராம் பட்டரில் ஒரு கிராமுக்கும் குறைவு. எனவே இதுவரை பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. இருந்தாலும் எதையும் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னதை அரைகுறையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே சமையலில் ஒருவருக்காகப் பாதி வழியில் பிரித்தெடுத்தால் இப்படித்தான் ஏதாவது தவறும்.

பால் சேர்த்த சூப்பை மாமி குடித்தால் இரவு முழுவதும் அவருக்கு அவதி. பால் சேராத சூப்பை உங்கள் கணவர் குடித்தால் அவருக்கு என்ன நட்டம்? இதை எத்தனை தரம் நிறுத்துப் பார்த்தாலும் தட்டு ஒரு பக்கம்தான் சாய்கிறது. அப்படியிருக்க, வீட்டின் சூப்பை அவருடைய ஆசைக்கு அளந்து செய்துவிட்டு, அவரைப் பெற்றவருக்கு அதிலிருந்து ஒரு அகப்பை எடுத்து வைக்கிறீர்கள். உங்களை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. வெளியில் வேலையும் வீட்டில் வேலையுமாக அந்த நேரத்தில் இரண்டு சட்டி வைக்க ஒருவராலும் முடியாது. இரண்டு சட்டி வையுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. ஒரு சட்டி வையுங்கள், அது முழுவதும் மாமி குடிக்கக்கூடியதாக இருக்கட்டும் என்கிறேன். ஒரு வீட்டில் இயலாதவர் ஒருவர் இருக்கும்போது அந்த வீட்டின் உலை அவரை வைத்துத்தான் அளக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கிரீம் வேண்டும் என்பவர் தன் கோப்பையில் தானே விட்டுக்கொள்ளட்டும். சில நாள் விடுவார். மேலே சொன்னபடி செய்தால் பிறகு கிரீம் வாங்க மறந்துவிடுவார்.

தேங்காய் துருவிப் பிழிந்து கொடுப்பதை உங்கள் கணவர் செய்யட்டும். வேலையால் களைத்து வருகிறார் என்று எழுத வேண்டாம்; காலையில் பத்து நிமிடம் இருந்தால் துருவித் தேங்காய்ப்பூவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம். தாயின் சாப்பாட்டில் மகனின் கைபடுவதற்கு வேறு பெரிய சந்தர்ப்பம் தேவையில்லை. மாமி ஆறரைக்குச் சாப்பிடுவது மாத்திரைக்காக என்றால் அந்த நேரத்தை மாற்ற வேண்டாம், ஆனால் கோப்பையை அறைக்குள் கொண்டுபோகாமல் மேசையில் வைத்து, நீங்களும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். உங்கள் பசி அப்போது வரவில்லையென்றால் பாதிக் கோப்பை குடியுங்கள்.

பாலை நிறுத்தியதால் குறையும் கல்சியத்துக்குக் குரக்கன், எள்ளு, முருங்கை இலை, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி ஆகியவற்றைக் கிழமையில் மாறிமாறிச் சேருங்கள். குரக்கன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. பாலில் அதே அளவில் 120 மில்லிகிராம் வரைதான். முருங்கை இலையை ஒரு கைப்பிடி இந்தச் சூப்பிலேயே போட்டு அவித்து அரைக்கலாம், நிறம் மட்டும் பச்சையாகும்.

அடுத்த நாளுக்கு மிச்சம் வைப்பதானால் முதற்பால் விடாத சூப்பைத்தான் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நம்முடைய வெயிலுக்குத் தேங்காய்ப்பால் விட்ட எதுவும் மேசையில் இரண்டு மணித்தியாலம் தாங்காது. மறுநாள் சூடாக்கி, புதிதாகப் பிழிந்த பாலை விட்டு இறக்குங்கள். உப்பு சரியா என்று முதலில் மாமியிடம் கொடுத்துக் கேளுங்கள்.