எஸ்எஸ் பேட்ஜ் கடையிலேயே கிடைக்கும்!

கேள்வி: 1970 ஷெவெல் எஸ்எஸ் 396 ஒன்று இணையத்தில் 55,000 டாலருக்கு வந்திருக்கிறது. வின் எண் (காரின் அடையாள எண்) 136 என்று தொடங்குவதே அசல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) என்பதற்கு ஆதாரம் என்கிறார் விற்பவர். ‘நம்பர் மேட்சிங்’ என்றும் போட்டிருக்கிறார். நம்பலாமா?
- த.வே., டல்லஸ்

பதில்: 136 என்றால் ஷெவ்ரோலே, ஷெவெலில் வி8 மாலிபு வகை. அவ்வளவுதான். சின்ன 307 இன்ஜினோடு மளிகை வாங்கப் போய்வந்த மாலிபுவுக்கும் அதே எண்தான். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி வரிசையாக இருந்தது; வின் 138 என்று தொடங்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். 1969இல் அதை வெறும் ஆப்ஷன் ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கார்களில் பேட்ஜ், கறுப்பு கிரில், பானட் பட்டை எல்லாம் கடையில் வாங்கி மாட்டிவிடக்கூடியவை.

எனக்குத் தீராத எரிச்சல் இந்த ‘நம்பர் மேட்சிங்’ மீதுதான். ஆலையில் இந்தக் காருக்குப் போட்ட அதே இன்ஜின் என்று அர்த்தம். அதைச் சொல்லி விலையில் பத்தாயிரங்களை ஏற்றுகிறார்கள். அந்த நம்பரின் படத்தை மட்டும் போடமாட்டார்கள். கேட்டு வாங்குங்கள். இன்ஜினில் பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு தட்டையான திட்டு இருக்கும். ஆலை, தேதி, மூன்றெழுத்துக் குறியீடு ஒரு தொடராகவும், காரின் வின் எண்ணின் பிற்பகுதி இன்னொரு தொடராகவும் அதில் அடித்திருக்க வேண்டும். அதே ஆண்டின் 450 குதிரைத்திறன் எல்எஸ்6 இன்ஜின் என்று யாராவது விற்றால் குறியீடு சிஆர்வி (மேனுவல்) அல்லது சிஆர்ஆர் (ஆட்டோமேட்டிக்). எண்களைவிட அவற்றின் கீழே உள்ள உலோகத்தை உற்றுப் பாருங்கள். ஆலை இயந்திரம் செதுக்கிய மெல்லிய இணைகோடுகள் அங்கே தெரிய வேண்டும். இன்ஜின் வேலையில் மேற்பரப்பைச் சீவினால் கோடுகளோடு எண்களும் போய்விடும். கோடில்லாத வழவழப்பான திட்டில் எண்கள் மட்டும் ‘பளிச்’ என்று நின்றால், பிறகு யாரோ சுத்தியலால் அடித்தவை.

அடுத்தது இன்ஜின் பிளாக்கின் வார்ப்புத் தேதி. முதல் எழுத்து மாதம், கடைசி இலக்கம் ஆண்டு: ‘பி 12 0’ என்றால் 1970 பிப்ரவரி 12. ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள சுவர்) உள்ள தகட்டில் ‘03பி’ என்றிருந்தால் கார் மார்ச் இரண்டாம் வாரத்துடையது. மார்ச் காரில் ஏப்ரலில் வார்த்த பிளாக் எப்படி வந்தது என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும். (1970இன் ‘396’ உண்மையில் 402 கன அங்குலம். அது மோசடி இல்லை. கம்பெனியே அப்படித்தான் விற்றது.)

காகிதம் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். பில்ட் ஷீட் (ஆலையில் காருக்கு எழுதிய தயாரிப்புத் தாள்) பல கார்களில் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். போன்டியாக் என்றால் பிஹெச்எஸ் நிறுவனத்திடமும், 1967 முதலான ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட்டிலும் ஆலைப் பதிவு கிடைத்துவிடும். கனடாவில் விற்ற ஷெவ்ரோலேவுக்கு ஜிஎம் கனடா தருகிறது. அமெரிக்காவில் விற்றதற்கு அந்த வசதி இல்லை. போலிகள் அங்கேதான் செழிக்கின்றன. காகிதம் இல்லாவிட்டால் பெரிய இன்ஜின் போட்ட மாலிபுவுக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு டாலர் தராதீர்கள்.

கேள்வி: 1968 கேமரோ. கார்ஃபாக்ஸ் (வின் எண்ணை வைத்துக் காரின் வரலாற்றைத் தரும் அறிக்கை) போட்டுப் பார்த்தேன், விபத்து எதுவும் இல்லை.
- ஜெ., எடிசன்

பதில்: 17 இலக்க வின் வந்ததே 1981இல். அதற்கு முந்தைய காருக்கு அங்கே விபத்தும் இருக்காது, வேறெதுவும் இருக்காது.

கேள்வி: மீட்டர் 42,000 மைல்தான் காட்டுகிறது. குறைந்த ஓட்டம்தானே?
- பெயர் வேண்டாம்

பதில்: ஐந்து இலக்க மீட்டர். 1,42,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: நேரில் பார்க்காமல் 1966 மஸ்டாங் வாங்கினேன். மழை பெய்தால் கால் நனைகிறது. கண்ணாடி ரப்பரை மாற்றிவிட்டேன், நிற்கவில்லை.
- எம்.கே., சியாட்டில்

பதில்: மழை ஊரில் இருந்துகொண்டு பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள்! ஒழுகுவது கண்ணாடி ரப்பர் அல்ல, அதன் முன்னால், காற்று உள்ளே போகும் துளைகள் உள்ள கௌல் பகுதி. காற்றுத்துளையைச் சுற்றிய தகடு உள்ளே துருப்பிடித்திருக்கும். அந்தத் துளைகளில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டுப்போட்டால் நிற்காது, ஸ்பாட் வெல்டுகளை டிரில் போட்டு மேல் தகட்டைக் கழற்றி, புதுத் தகடு வைக்க வேண்டும். கார்ப்பெட்டைத் தூக்கித் தரையையும் டார்க் பாக்ஸையும் (தரைக்கு அடியில் சட்டத்தைப் பலப்படுத்தும் பெட்டி) தட்டிப் பாருங்கள். இன்னொன்று: உங்கள் காரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முதல் செலவு இரட்டை அறை சிலிண்டருக்கு.

கேள்வி: ராணுவப் பணியில் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னவருக்கு 1969 சார்ஜருக்காக 9,000 டாலர் வயர் அனுப்பினேன். இப்போது கப்பல் காப்பீட்டுக்கு 1,800 கேட்கிறார், திருப்பித் தருவாராம்.
- வி., சாக்ரமென்டோ

பதில்: வருத்தமாக இருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. இதையே தொழிலாகச் செய்பவர்கள் அவர்கள். இனி ஒரு டாலரும் அனுப்பாதீர்கள். இதை மூடிவிட்டு வங்கியை அழைத்து, வயரைத் திரும்பப் பெறக் கேளுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு வாய்ப்பு. பிறகு எஃப்பிஐயின் ஐசி3 என்ற இணையக் குற்றப் புகார் தளத்திலும் உள்ளூர் போலீஸிலும் புகார். விளம்பரம், மின்னஞ்சல், கணக்கு எண் எதையும் அழிக்காதீர்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டு வந்தால், அதுவும் மோசடிதான்.

கேள்வி: 1970 சேலஞ்சர். டேஷில் வின் தகட்டின் ரிவெட்டுகள் புதிதாகத் தெரிகின்றன. விலை நன்றாக இருக்கிறது.
- ரா.சு., ஆஸ்டின்

பதில்: வேண்டாம். ரிவெட் புதிது என்றால் தகட்டை மாற்றியிருக்கலாம். திருட்டு காராக இருந்தால் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும், பணம் விற்றவரிடம் இருக்கும். அவரிடம் ரேடியேட்டர் சட்டத்தில் அடித்த எண்ணின் படத்தைக் கேளுங்கள். பதிலே வராது.

கேள்வி: பட்டி பார்த்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஹ., டெட்ராய்ட்

பதில்: பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர். ஆலைப் பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான். 300 என்றால் மறுபெயின்ட். 1,000 தாண்டினால் பட்டி. பின் சக்கரத்துக்கு மேல், கதவின் கீழ்விளிம்பு, பின்கண்ணாடியின் கீழ்மூலைகள், இந்த மூன்று இடத்திலும் வையுங்கள். என் கேமரோவின் குவார்ட்டர் பேனல் 2,000 காட்டியது. மீட்டரை நான் காருக்குப் பிறகு வாங்கினேன்.

கேள்வி: டயர் பட்டன் தேயவே இல்லை, அப்படியே ஓட்டி வரலாமா?
- த., ஃபீனிக்ஸ்

பதில்: டயரின் பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த தேதி: 0908 என்றால் 2008இன் ஒன்பதாம் வாரம். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000க்கு முந்தையது. டிரக்கில் ஏற்றி வாருங்கள்.